சூடு கட்டாயம், குளிர் உங்க இஷ்டம் – மொபைல் ஹோமுக்கு ஏ.சி. வந்த கதை



2007, ஜூன் மாசம். அரிசோனாவில் பீனிக்ஸுக்குப் பக்கத்துல இருக்கற மேசா. ஒரு சனிக்கிழமை மத்தியானம். வெளியில 110 டிகிரி (ஃபாரன்ஹீட்தாங்க, நம்ம கணக்குல 43). நான் ஒரு மொபைல் ஹோமோட நடைவழியில முட்டி போட்டு உட்கார்ந்து, ஐஸ் உருகி வழியற தண்ணியைத் துண்டால துடைச்சிக்கிட்டு இருந்தேன். ஆமாம், ஐஸ்தான். 110 டிகிரியில, வீட்டுக்குள்ள, இயந்திரத்துக்குள்ள ஐஸ் கட்டி இருந்துச்சு. ஆனா வீடு மட்டும் வெந்துக்கிட்டு இருந்துச்சு.

வீடு என்னுதில்லை. என் ஆபீஸ்ல தபால் பிரிக்கற வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவரோடது. புதுசா அமெரிக்கா வந்த காலத்துல எனக்குக் கார் ஓட்டக் கத்துக் கொடுத்த புண்ணியவான். மனைவி போனபிறகு 1983 மாடல் மொபைல் ஹோம் ஒண்ணை வாங்கித் தனியா இருந்தார். அந்த வருஷம் சேமிப்புல கை வெச்சு சென்ட்ரல் ஏ.சி. போட்டார். போட்டுக் கொடுத்த கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க. மூணே வாரத்துல இந்தக் கதி.

அன்னிக்கு சாயங்காலம் அதே பார்க்குல குடியிருந்த ஒரு பழைய மெக்கானிக் வந்து பார்த்தார். ஏ.சி.யைத் தொடவே இல்லை. நேரா சமையலறை அலமாரியைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் படிஞ்ச தாளைப் படிச்சார். அப்புறம் ஃபர்னஸ் கதவைத் திறந்து உள்ள எட்டிப் பார்த்துட்டு, "ப்ளோயரை மாத்தவே இல்லையே, இது வெறும் ஹீட்டர் ப்ளோயர்"ன்னார். ரெண்டே நிமிஷம்.

அந்தத் தாளுல என்ன இருக்குன்னு நானும் படிச்சேன். அன்னிக்குப் பிடிச்ச கிறுக்குதான் இது. மொபைல் ஹோம்ங்கற வீட்டோட மொத்த சரித்திரமும் அந்த ஒத்தைத் தாளுல இருந்துச்சுன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

குளிர் ஊர்க்காரன் கட்டின வீடு

முதல்ல மொபைல் ஹோம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. தொழிற்சாலையில முழுசா செஞ்சு, அடியில இரும்புச் சட்டமும் சக்கரமும் வெச்சு, லாரியால இழுத்துக்கிட்டு வந்து நிறுத்தற வீடு. பேருதான் மொபைல். ஒரு தடவை நிறுத்தினா பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். பல பேருக்கு வீடு சொந்தம், அது நிக்கற மண்ணு வாடகை. இதை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

ஆரம்பத்துல இது வீடே இல்லை, டிரெய்லர். 1930 வாக்கில் டெட்ராய்ட் பக்கம் ஆர்தர் ஷெர்மன்னு ஒருத்தர் (தொழிலால பாக்டீரியா ஆராய்ச்சியாளர்!) குடும்பத்தோட ஊர் சுத்த ஒரு டிரெய்லர் செஞ்சார். பார்த்தவங்க எல்லாம் எனக்கொண்ணு உனக்கொண்ணுன்னு கேட்க, 'கவர்ட் வாகன்'ங்கற பேர்ல அது பெரிய கம்பெனியாவே ஆயிடுச்சு. பொருளாதார மந்தம் அடிச்ச காலத்துல பல பேர் அந்த மாதிரி டிரெய்லர்லயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சாங்க. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகளைத் தங்க வைக்க அரசாங்கமே ஆயிரக்கணக்கில் வாங்குச்சு. போர் முடிஞ்சு சிப்பாய்கள் திரும்பினபோது வீட்டுப் பஞ்சம். டிரெய்லர் நிரந்தர வீடாச்சு.

அப்போ அகலம் 8 அடிதான். நெடுஞ்சாலையில சாதாரணமா இழுத்துப் போக அவ்வளவுதான் அனுமதி. 1950-களின் நடுவில் விஸ்கான்சின் மாநிலத்து எல்மர் ஃப்ரே 10 அடி அகல வீட்டைக் கொண்டு வந்தார். 'மொபைல் ஹோம்'ங்கற பேரும் அவர் வெச்சதுன்னுதான் சொல்றாங்க. ரெண்டடிதானேன்னு நினைக்காதீங்க. 8 அடியில பின்னாடி ரூமுக்குப் போகணும்னா முன்னாடி படுக்கையறைக்குள்ள பூந்துதான் போகணும். 10 அடி வந்ததும் ஓரமா ஒரு நடைவழி கிடைச்சது. டிரெய்லர் வீடா மாறினது அந்த நடைவழியிலதான். பின்னாடி 12, 14ன்னு அகலம் வளர்ந்துச்சு. ரெண்டு பாதியை இழுத்து வந்து ஒட்டற 'டபுள் வைடு'ம் வந்துச்சு.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. டெட்ராய்ட், விஸ்கான்சின், இந்தியானாவில் எல்க்ஹார்ட்... இந்தத் தொழில் பிறந்து வளர்ந்த ஊரெல்லாம் பனி கொட்டற ஊரு. அங்க உட்கார்ந்து வீட்டை வரையறவனுக்கு முதல் கவலை என்ன? குளிர்காலத்துல ஆளு விறைச்சுப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

ஆரம்பத்துல மூலையில ஒரு எண்ணெய் அடுப்பு. அப்புறம் ஒரு நல்ல ஏற்பாடு கண்டுபிடிச்சாங்க. நடைவழி ஓரத்துல அலமாரி மாதிரி ஒரு இடம், அதுக்குள்ள ஒடுக்கமான ஃபர்னஸ். சாதாரண வீடுகள்ல ஃபர்னஸ் பெரும்பாலும் அடித்தளத்துல உட்கார்ந்து சூடான காத்தை மேல தள்ளும். இதுல தலைகீழ். மேலேர்ந்து கீழ தள்ளும். தரைக்கு அடியில வீட்டு நீளத்துக்கும் ஒரே ஒரு தகர டக்ட் ஓடும். அதுலேர்ந்து ஒவ்வொரு ரூம் தரையிலும் ஒரு ஜன்னல். சூடான காத்து தானா மேல எழும்பும், ரூம் கதகதன்னு ஆயிடும். திரும்பி வர்ற காத்துக்குத் தனி டக்ட் கிடையாது. நடைவழி வழியா வந்து ஃபர்னஸ் கதவுல இருக்கற கம்பி இடுக்குல பூந்துக்கும். இடம் மிச்சம், காசு மிச்சம். கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவின் கோல்மேன் கம்பெனி (பெட்ரோமாக்ஸ் மாதிரி விளக்கு செஞ்சு பேர் வாங்கினவங்க) இந்த ஃபர்னஸ்ல பெரிய பேர்.

எல்லாம் சூட்டுக்காக. அந்த டக்டோட அகலம், ப்ளோயரோட பலம், தரை ஜன்னல் இருக்கற இடம், எல்லாமே சூட்டுக்கான கணக்கு.

குடி போனதோ வெயில் ஊருக்கு

கட்டினவன் குளிர் ஊர்க்காரன் சரி, வாங்கினவன்? புளோரிடா, அரிசோனா, டெக்சாஸ், கலிபோர்னியா. வடக்குல உழைச்சு ஓய்ஞ்ச பெரியவங்க பென்ஷன் காசுல வெயில் தேடி தெற்கே போனாங்க. புளோரிடாவின் பிராடென்டன்ல 1936-லேயே ஒரு பெரிய டிரெய்லர் பார்க் வந்தாச்சு. மேசாவில் இன்னிக்கும் தெருவுக்குத் தெரு பார்க்தான்.

பழைய மொபைல் ஹோம் வெயில்ல எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரக் கொட்டகையில குடியிருந்து பார்த்தவங்க நம்மூர்லயே நிறைய பேர். அலுமினியத் தகடு போர்த்தின சுவர், அதுக்குள்ள ரெண்டு மூணு அங்குலச் சட்டம், நடுவுல பேருக்குக் கொஞ்சம் பஞ்சு, மேல தகரக் கூரை. கல்லு, மண்ணு மாதிரி சூட்டை வாங்கி வெச்சுக்கிட்டு ராத்திரி மெதுவா விடற கனம் எதுவும் கிடையாது. வெயில் ஏற ஏற வீடும் கூடவே ஏறும்.

பீனிக்ஸ்காரங்க 1930-கள்லயே ஒரு வழி வெச்சிருந்தாங்க. 'ஸ்வாம்ப் கூலர்'. நம்ம ஏர் கூலர்தான். வெட்டிவேர்த் தட்டியில தண்ணி தெளிச்சு வாசல்ல கட்டுவோமே, அதே தத்துவம். அங்க வெட்டிவேருக்குப் பதிலா மரச்சீவல். வறண்ட மே, ஜூன்ல அற்புதமா வேலை செய்யும், கரண்டும் கம்மி. ஆனா ஜூலை பிறந்து அந்த ஊர் பருவமழைக் காத்து வந்துச்சுன்னா காத்துல ஏற்கெனவே ஈரம் இருக்கும், தண்ணி ஆவியாகாது. அப்போ கூலர் வெறும் புழுக்கத்தைத்தான் ஊதும். புளோரிடாவிலோ கேட்கவே வேண்டாம், நம்ம சென்னை மாதிரி வருஷம் முழுக்க ஈரம்.

இன்னொரு பக்கம் ஏ.சி. தன் பாட்டுக்கு வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு. 1902-ல் புரூக்ளின்ல ஒரு அச்சகத்துல காகிதம் ஈரத்துல சுருங்கி விரிஞ்சு கலர் கோணலா விழுதுன்னு வில்லிஸ் கேரியர்ங்கற இளைஞர் ஒரு ஏற்பாடு வரைஞ்சார். அதாவது முதல் ஏ.சி. மனுஷனுக்காக வந்ததில்லை, காகிதத்துக்காக வந்தது! அப்புறம் பஞ்சாலை, சினிமா தியேட்டர், கடைன்னு போயி, போர் முடிஞ்ச பிறகுதான் வீட்டு ஜன்னலுக்கு வந்துச்சு. 1954-ல் டெக்சாஸ் ஆஸ்டின்ல நடுத்தர மக்கள் வீட்டுக்கும் சென்ட்ரல் ஏ.சி. கட்டுப்படியாகுமான்னு பார்க்க, இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே இடத்துல கட்டிக் குடும்பங்களைக் குடி வெச்சுச் சோதிச்சாங்க. ஆனா 1960 சென்சஸ்ல அமெரிக்க வீடுகள்ல எட்டுல ஒண்ணுலதான் ஏதோ ஒரு ஏ.சி. இருந்துச்சு.

இங்கதான் பாதை ரெண்டாப் பிரியுது. 1950-களின் கடைசியில் அரசாங்க உத்தரவாதத்தோட வாங்கற வீட்டுக்கடன்ல சென்ட்ரல் ஏ.சி. செலவையும் சேர்த்துக்கலாம்னு ஆச்சு. கல்லு வீடு வாங்கறவன் ஏ.சி. காசை இருபது, முப்பது வருஷத்துக்குப் பிரிச்சுக் கட்டினான், மாசம் சில டாலர். மொபைல் ஹோம்? அதுக்கு வீட்டுக்கடனே கிடையாது. சட்டத்தின் கண்ணுல அது வண்டி. கார் லோன் மாதிரி குறைஞ்ச வருஷம், கூடுதல் வட்டி. அந்த லோன்லயே திணறுறவன் ஏ.சி.க்கு எங்க போவான்? "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு விடுவான்.

ஃபர்னஸ் மேல ஏறி உட்கார்ந்த ஏ.சி.

அந்த "அடுத்த வருஷம்" ஆளுங்களை நம்பித்தான் 1960-கள்ல ஒரு தொழிலே வளர்ந்துச்சு. ஏற்கெனவே தரைக்கு அடியில டக்ட் இருக்கு, ஃபர்னஸ்ல ப்ளோயர் இருக்கு. குளிர்ச்சியையும் அதே வழியில அனுப்பினா என்ன? ரெண்டு வழி கண்டுபிடிச்சாங்க.

முதல் வழி, பிரிச்சு வைக்கறது. கம்ப்ரஸர் வெளியில, குளிர்ச் சுருள் ஃபர்னஸ் பெட்டிக்குள்ள, ரெண்டையும் இணைக்க செப்புக் குழாய். கோல்மேன், இன்டர்தெர்ம், மில்லர் மாதிரி கம்பெனிகள் சுருளுக்குன்னே இடம் விட்டு ஃபர்னஸ் செஞ்சாங்க. அந்த ஒடுக்கமான அலமாரிக்குள்ள வேற எதுவும் நுழையாது.

ரெண்டாவது வழி, மொத்த ஏ.சி.யும் ஒரே பெட்டியா வீட்டுக்கு வெளியில தரையில உட்காரும். அதுலேர்ந்து தும்பிக்கை மாதிரி ஒரு வளையற டக்ட் வீட்டுக்கு அடியில போய் அந்தத் தகர டக்டோட சேரும். போடறது சுலபம். ஆனா ஒரு பொறி இருக்கு. குளிர்ந்த காத்து டக்டுக்குள்ள வந்ததும் ரூமுக்கு மட்டும் போகாது, தலைகீழா ஃபர்னஸுக்குள்ளயும் ஏறும். குளிர்ந்த இரும்புல ஈரம் வேர்த்து ஃபர்னஸ் துருப்பிடிக்கும். அதனால நடுவுல தானா மூடற தடுப்புத் தகடு கட்டாயம். அதைப் போடாம விட்டவங்களுக்கு விஷயம் அடுத்த குளிர்காலத்துலதான் தெரிய வரும்.

சரி, பெரியவர் வீட்டுல ஐஸ் ஏன் கட்டிச்சு? கணக்கு ரொம்ப எளிமை. ஃபர்னஸ் தன் வழியாப் போற காத்தை ஐம்பது, அறுபது டிகிரி (ஃபாரன்ஹீட்) சூடாக்கி அனுப்பும். அதனால கொஞ்சம் காத்து போனாலே போதும். ஏ.சி.யால இருபது டிகிரி வாக்கில்தான் குளிர்விக்க முடியும். அப்போ அதே வேலைக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு காத்து ஓடணும். ஒரு டன் ஏ.சி.க்கு நிமிஷத்துக்கு 400 கன அடி காத்துங்கறது மெக்கானிக்குகளோட வாய்ப்பாடு. (டன்னு சொல்றோமே, அது எடை இல்லீங்க. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்துல உருக எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அவ்வளவு. மணிக்கு 12,000 பி.டி.யூ. ஐஸ் வித்த காலத்துக் கணக்கு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு.) பெரியவருக்குப் போட்டது 3 டன். 1,200 கன அடி ஓட வேண்டிய இடத்துல, வெறும் சூட்டுக்குன்னு வெச்ச பழைய ப்ளோயரால பாதிகூடத் தள்ள முடியலை. சூடு வந்து சேராத சுருள் உறைநிலைக்குக் கீழ போச்சு, காத்துல இருந்த ஈரம் அதுமேல ஐஸா ஒட்டுச்சு, ஐஸ் காத்தோட வழியை இன்னும் அடைச்சுது... அவ்வளவுதான் கதை. ப்ளோயரையும் சேர்த்து மாத்தணும்னு தெரியாத ஆளா, இல்ல தெரிஞ்சே காசை மிச்சம் பிடிச்ச ஆளா, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அலமாரித் தாள்

இப்போ அந்தத் தாளுக்கு வருவோம்.

1972-ல் அமெரிக்காவில் ஒரே வருஷத்துல ஏறக்குறைய 5,75,000 மொபைல் ஹோம் தொழிற்சாலையை விட்டு வெளிய வந்துச்சு. அதுதான் உச்சம். அதே சமயம் தீப்பிடிக்குது, காத்துல கவிழுதுன்னு புகார்களும் குவிஞ்சுது. 1974-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 1976 ஜூன் 15-லேர்ந்து நாடு முழுக்க ஒரே விதின்னு ஆக்குச்சு. வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை கையில பொறுப்பு. சுருக்கமா 'ஹட்' விதி. இன்னிக்கும் பழைய வீடு விக்கும்போது முதல் கேள்வி "76-க்கு முன்னாடியா பின்னாடியா?"தான். 1980-ல் சட்டத்துல பேரையே 'தயாரிப்பு வீடு'ன்னு மாத்தினாங்க. ஜனங்க வாயில மாறலை, எனக்கும்தான்.

நல்ல விதிங்க, குறை சொல்ல மாட்டேன். ஃபர்னஸ் எரியறதுக்கான காத்தை வெளியிலேர்ந்துதான் எடுக்கணும், வீட்டுக் காத்தோட கலக்கவே கூடாதுன்னு சொன்னது எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கும். சாதாரண வீட்டு ஃபர்னஸைக் கொண்டு வந்து இதுல மாட்ட முடியாததுக்கும் அதுதான் காரணம்.

அந்த விதிப்படி ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு சான்றிதழ் ஒட்டணும். ஒண்ணு சூட்டுக்கு. வெளியில இத்தனை டிகிரி குளிர் வரைக்கும் போனாலும் இந்த வீட்டை 70 டிகிரியில (21 செல்சியஸ்) வெச்சுக்கற சக்தி இந்த ஹீட்டருக்கு உண்டுன்னு கம்பெனி எழுதிக் கொடுக்கணும். ரெண்டாவது குளிர்ச்சிக்கு. இதுல மூணு விதமா எழுதலாம். ஏ.சி. நாங்களே போட்டிருக்கோம். அல்லது, நாங்க போடலை, ஆனா டக்ட் இத்தனை பி.டி.யூ. வரைக்கும் தாங்கும். அல்லது, இந்த டக்ட் ஏ.சி.க்கு லாயக்கில்லை.

பார்த்தீங்களா? சூடு, வாக்குறுதி. குளிர், தகவல்.

பெரியவர் வீட்டுத் தாளுல ரெண்டாவது வகைதான். 36,000 பி.டி.யூ. வரை தாங்கும்னு எழுதியிருந்துச்சு. அதாவது 3 டன். காத்தை இவ்வளவு அழுத்தத்தோட தள்ளற ப்ளோயர் வேணும்ங்கற நிபந்தனையும் அதே தாளுல, கீழ. போட வந்தவன் அலமாரியைத் திறந்து ஒரு நிமிஷம் படிச்சிருந்தா போதும். 24 வருஷமா அந்தத் தாள் அங்கேயேதான் காத்துக்கிட்டு இருந்துச்சு.

வயித்துக்குள்ள ஓட்டை, சுவருக்குள்ள பூஞ்சை

பிரச்னை ப்ளோயரோட முடியலை. தரைக்கு அடியில டக்ட் ஓடுதே, அதையும் பஞ்சையும் சேர்த்துக் கீழேர்ந்து ஒரு விரிப்பு மூடியிருக்கும். அதை 'பெல்லி'ன்னே சொல்றாங்க, வயிறு! குழாய் ரிப்பேருக்கு வர்றவன் அதைக் கிழிப்பான், திரும்ப ஒட்டமாட்டான். எலி, பூனை உள்ள குடியேறும். டபுள் வைடு வீட்டுல ரெண்டு பாதியோட டக்டையும் இணைக்க அடியில ஒரு வளையற குழாய் கிடக்கும். அது கழண்டு விழுந்தா பாதி குளிர்ச்சி மண்ணுக்குத்தான். மாசம் முழுக்க வீட்டுக்கு அடியில இருக்கற எலிக்கு ஏ.சி. போட்டுக் கரண்டு பில் கட்டினவங்க நிறைய.

புளோரிடாவில் அது இன்னும் மோசமான வடிவம் எடுத்துச்சு. டக்ட் ஓட்டையில காத்து வெளிய போகப் போக, வீட்டுக்குள்ள அழுத்தம் குறையும். படுக்கையறைக் கதவைச் சாத்தினா அங்க போன காத்து திரும்பி வர வழியில்லாம ஹால்ல இன்னும் குறையும். அந்தக் குறையை நிரப்ப வெளியில இருக்கற ஈரக் காத்து சுவர் இடுக்கு வழியா உள்ள வரும். சுவரோட உள்பக்கம் என்ன? வினைல் ஒட்டின பலகை. குளிர் ஊர்ல அது நல்லது, வீட்டுக்குள்ள இருக்கற ஈரம் சுவருக்குள்ள போகாமத் தடுக்கும். ஏ.சி. போட்ட புளோரிடா வீட்டுல அதே வினைல் எதிரி. வெளியிலேர்ந்து வந்த ஈரம் ஏ.சி. குளிர்ச்சியில சில்லுன்னு இருக்கற அந்த வினைலோட முதுகுல வேர்த்துப் போய் அங்கேயே மாட்டிக்கும். பலகை ஊறிப் பூஞ்சை பிடிக்கும். புளோரிடா சோலார் எனர்ஜி சென்டர் ஆய்வாளர்கள் இந்த மாதிரி வீடுகளைத் திறந்து பார்த்து, டக்ட் ஓட்டைதான் முக்கியக் குற்றவாளின்னு காட்டினாங்க. அப்புறம்தான் கம்பெனிகள் டக்ட் மூட்டுகளை டேப்புக்குப் பதிலா கெட்டியான பசை பூசி அடைக்கறதுல அக்கறை காட்டினாங்க. ஈரமான வட்டாரங்களுக்குச் சுவர் விதியும் தளர்ந்துச்சு.

மறுபடியும் அதேதான் பாருங்க. குளிர் ஊர் வீட்டுல வெயில் ஊர் இயந்திரம்.

உயிர் போற விஷயம்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் மெக்கானிக் கதை. இனிமே சொல்றது அப்படி இல்லை.

2023 ஜூலை. பீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி அல்லது அதுக்கு மேல. அந்த வருஷம் மட்டும் அந்த மாரிகோபா கவுன்டியில வெப்பம் தொடர்பா இறந்தவங்க 645 பேர். பெரும்பாலோர் தெருவுல, வெளியில. ஆனா வீட்டுக்குள்ளயே இறந்தவங்களும் நூத்துக்கு மேல. அவங்க வீடுகள்ல பெரும்பாலானதுல ஏ.சி. இருந்துச்சு. ஓடலை. ரிப்பேர், இல்ல கரண்டு இல்லை, இல்ல பில்லுக்குப் பயந்து நிறுத்தி வெச்சிருந்தாங்க.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. அந்தக் கவுன்டி வீடுகள்ல மொபைல் ஹோம் சுமார் 5 சதவீதம்தான். வீட்டுக்குள்ள நடந்த வெப்பச் சாவுகள்லயோ அவங்க பங்கு கால்வாசிக்கும் மேல. ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும். மெல்லிசுச் சுவர், தகரக் கூரை, ஓட்டை டக்ட், பழைய பார்க்குல பெரிய ஏ.சி.யைத் தாங்காத 50, 60 ஆம்பியர் கனெக்‌ஷன், உள்ள தனியா ஒரு வயசானவர்.

இதுல இன்னொரு கொடுமை. சென்ட்ரல் ஏ.சி. ரிப்பேராகி மாத்தக் காசில்லாதவர் என்ன பண்ணுவார்? ஜன்னல் ஏ.சி. ஒண்ணு வாங்கி மாட்டுவார். சில பார்க்குகள்ல அதுக்குத் தடை! தெருவுலேர்ந்து பார்க்க அசிங்கமா இருக்காம். வீடு இவரோடது, மண்ணு அவங்களோடது. மீறினா நோட்டீஸ். வீட்டைக் கிளப்பிக்கிட்டுப் போகலாம்னா, பழைய மொபைல் ஹோமை நகர்த்தற செலவு அதோட விலையையே தாண்டிடும்.

2024-ல் அரிசோனா சட்டமன்றம் ஹெச்.பி. 2146-ன்னு ஒரு சட்டம் நிறைவேத்துச்சு, ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் கையெழுத்துப் போட்டார். மொபைல் ஹோம் பார்க்குல இருக்கறவர் தன் வீட்டைக் குளிர்விக்கத் தேவையான சாதனத்தை வெச்சுக்கறதைப் பார்க் உரிமையாளர் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சாரம். இதுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டுச்சு, அதுவும் 110 டிகிரி ஊர்ல, 2024-ல்!

நல்ல சட்டம்தான். ஆனா கவனிச்சுப் பாருங்க. 'தடுக்கக் கூடாது'ன்னுதான் சொல்லுது. 'கொடுக்கணும்'னு சொல்லலை. 1976 தாளுல இருந்த அதே வித்தியாசம். சூடு கட்டாயம், குளிர் உங்க இஷ்டம்.

ஒரு வீடு மனுஷன் உயிரோட இருக்கறதுக்கு என்ன தேவைன்னு யாரோ எங்கேயோ உட்கார்ந்து ஒரு பட்டியல் போடறாங்க. அவங்க உட்கார்ந்த ஊரோட வானிலைதான் அந்தப் பட்டியல்ல ஏறுது. குளிர்ல விறைச்சுச் சாகறது அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. வெயில்ல வெந்து சாகறது வசதிக் குறைவாத் தெரிஞ்சுது. ஏ.சி.ன்னா சொகுசுங்கற நினைப்பு நமக்குள்ளயும் இருக்கே, இல்லேன்னு சொல்ல முடியுமா?

பெரியவர் கதை என்னாச்சுன்னு கேட்பீங்க. போட்ட கம்பெனி போனை எடுக்கவே இல்லை. அந்தப் பார்க் மெக்கானிக்கே ஒரு பெரிய ப்ளோயர் தேடிப் பிடிச்சு மாட்டினார். கூலி வாங்கலை, ரெண்டு பை கிரேப்ஃப்ரூட் மட்டும் வாங்கிக்கிட்டார் (பெரியவர் வீட்டு மரத்துப் பழம்). நானும் அவரும் வீட்டுக்கு அடியில தவழ்ந்து போய் வயித்துக் கிழிசலை ஒட்டினோம். என் முழங்கால் தோல் உரிஞ்சது பத்திக் கேட்காதீங்க. அன்னிக்கு ராத்திரி தரை ஜன்னல் பக்கத்துல வெறுங்காலை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஒண்ணும் பேசலை. அப்புறம், இந்தக் கோடையைத் தாண்டிடுவேன்னு மட்டும் சொன்னார்.

தாண்டினார். அதுக்கப்புறம் எட்டு கோடை தாண்டினார்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு நீங்களா ஃபர்னஸைப் பிரிக்கக் கிளம்பிடாதீங்க, 240 வோல்ட் விளையாட்டு இல்லை. ஆனா மொபைல் ஹோம்ல இருக்கற யாரையாவது தெரிஞ்சா, ஏ.சி. போட ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி சமையலறை அலமாரிக் கதவுக்குப் பின்னாடி ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.